உடையும் உரிமையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் முன்னோர் கூறினர். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றும் கூறினர். இவ்விரு பழமொழிகளையும் நாம் இளமை முதல் கேட்டு வருகிறோம். ஆயினும், கசக்கிக் கட்டிய கந்தையைக்கூட முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் இருந்தனர் என்பதையும், அவர்களுள் பலருடைய பேரப்பிள்ளைகளே இன்று நம் காலனியில் வாழ்கின்றனர் என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் தையற்கடைகளில் கூட்டம் கூடுகிறது. பிள்ளைகள் புதுச் சட்டை கேட்கின்றனர். இளைஞர்கள் கோட்டுத் தைத்துக்கொள்கின்றனர். பெரியவர்களுள் சிலர், "சுரங்கம் மூடிப்போன ஊரில் இவ்வளவு ஷோக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கின்றனர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதற்கு விடை காண வேண்டுமானால், உடை என்பது மனிதனுக்கு என்னவாக இருந்து வந்திருக்கிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். நான் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாத ஒரு ரயில்வே குமாஸ்தா, வரலாற்றாசிரியன் அல்லன். நூல்களில் படித்தவற்றையும் பெரியோர் வாயிலாகக் கேட்டவற்றையும் நம் குடும்பங்களின் முன் வைக்கிறேன்.

கடலுக்கு அப்பால்

முதலில் வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டிற்குச் செல்வோம். அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக விற்கப்பட்ட காலம். தென் கரோலினா என்னும் பகுதியில் 1739-ஆம் ஆண்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டு, 1740-இல், அடிமைகளைக் கட்டுப்படுத்தும் கடுஞ்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எழுதக் கற்பிக்கக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது என்னும் விதிகளோடு, உடுப்பைப் பற்றிய விதியும் அதில் இருந்தது. மலிவான முரட்டுத் துணிகளின் பெயர்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டன. அவற்றிற்கு மேற்பட்ட துணியை ஓர் அடிமை உடுத்தியிருந்தால் காவலர் அதைப் பறித்துக்கொள்ளலாம் என்று அச்சட்டம் கூறியது.

ஆளும் வகுப்பார் துணியைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? நல்ல உடுப்பு அணிந்தவனை நோக்கிக் கை ஓங்குமுன் ஒரு கணம் தயக்கம் உண்டாகிறது. 'இவன் யாரோ!' என்ற ஐயம் எழுகிறது. ஆண்டான் அடிமை முறைக்கு அந்த ஒரு கணத் தயக்கமே பகை. கண்டவுடனே இன்னான் தாழ்ந்தவன் என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அம்முறை நடக்கும். ஆகவே உடுப்பு என்பது அவர்களுக்கு ஓர் அடையாளச் சீட்டாயிற்று.

இதனை நன்கு உணர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெருமகனார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் அடிமைத் தளையிலிருந்து தப்பினார். எங்ஙனம் தப்பினார் என்பது ரயில்வேயில் பணிபுரியும் என் போன்றோர்க்குத் தனிச் சுவை தருவது. கப்பல் மாலுமியின் உடையை அணிந்துகொண்டு, ஒரு நண்பரிடம் இரவலாகப் பெற்ற மாலுமிச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பால்டிமோர் நகரில் ரயில் ஏறினார். சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். மாலுமி உடுப்பைப் பார்த்தார். தாளை மேலோட்டமாக நோக்கிவிட்டு அடுத்த பயணியிடம் சென்றுவிட்டார். அந்த உடுப்பு ஒரு மனிதனுக்கு விடுதலை வாங்கித் தந்தது.

பிற்காலத்தில் டக்ளஸ் மாபெரும் சொற்பொழிவாளரானார். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து நேரே நிமிர்ந்து நோக்கும் தோற்றத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். கறுப்பு மக்களைக் கேலிச் சித்திரங்களாகவே வரைந்து பழகிய நாட்டில், 'எங்கள் உண்மைத் தோற்றம் இது' என்று காட்டுவதற்கே அவர் புகைப்படத்தைக் கருவியாகக் கொண்டார்.

இந்தியாவுக்கும் இக்கதையில் ஒரு தொடர்பு உண்டு. மேற்கிந்தியத் தீவொன்றில் பிறந்து லண்டன் மாநகரில் ஒரு சீமாட்டியின் ஆதரவில் வளர்ந்த ஜூலியஸ் சூபிஸ் என்னும் கறுப்பு இளைஞர், அந்நாளைய ஆடம்பரக்காரர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார். லண்டனார் அவரைக் கேலிப் படம் வரைந்தனர். அவர் 1777-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு, கல்கத்தா வந்து சேர்ந்து, வாட்பயிற்சியும் குதிரையேற்றமும் கற்பித்து வாழ்ந்து, 1798-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

சென்னைத் துணி

இனி, நம் கையால் நெய்த துணி ஆப்பிரிக்க மக்களின் வாழ்வில் கலந்த விதத்தைக் கூற வேண்டும். அது பெருமையும் துயரமும் கலந்த வரலாறு. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதரை விலைக்கு வாங்கியபோது, விலையாகக் கொடுத்த பண்டங்களுள் இந்தியப் பருத்தித் துணி முதன்மையானது. சோழமண்டலக் கரையில் தறியில் அமர்ந்து நெய்த ஏழை நெசவாளிக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போகிறது என்பது தெரிந்திராது.

ஆனால் அதே துணியை அம்மக்கள் தமக்குரியதாகவும் ஆக்கிக்கொண்டனர். கட்டம் போட்ட நம் சென்னைத் துணி இன்றும் நைஜீரிய நாட்டில் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் உரிய உயர்ந்த ஆடை. அங்கே ஒரு வகைத் துணிக்கு 'ஜார்ஜ்' என்றே பெயர். சென்னையிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரால் வந்தது அது என்பர். அமெரிக்காவின் லூசியானா பகுதி ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1786-இல், ஆளுநர் மிரோ என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் கூந்தலில் அணிகலனும் இறகும் சூடக்கூடாது. தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்பது ஆணை. அப்பெண்கள் ஆணைக்கு அடங்கினர்; ஆனால் எத்தகைய துணியால் கட்டினர்? வண்ண வண்ணமான கட்டத் துணிகளால், சென்னைக் கைக்குட்டைகளால், மகுடம் போல் எழிலுறக் கட்டினர். தாழ்த்துவதற்கென்று விதித்த துணியே அவர்களுக்கு அழகாயிற்று. நம் நெசவாளியின் உழைப்பு அந்த மானத்திற்கும் துணை நின்றது என்பதில் நாம் சிறிது ஆறுதல் கொள்ளலாம்.

திருவிதாங்கூரில்

அயல்நாட்டுக் கொடுமையைப் படித்து வியக்கும் நாம், நம் வீட்டு முற்றத்தை மறத்தல் ஆகாது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக விளங்கும் நிலப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே சாணார் எனப்பட்ட நாடார் குலப் பெண்களும், அவர்களினும் தாழ்ந்தவராகக் கருதப்பட்ட குலங்களின் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது என்பது வழக்கம். கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் 'குப்பாயம்' என்னும் ரவிக்கையை அணியத் தலைப்பட்டனர். 1822 முதல் சந்தைகளிலும் சாலைகளிலும் அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் கோயில்களும் தீக்கிரையாயின. 1829-இல் வந்த அரச ஆணை ரவிக்கையை அனுமதித்தது. ஆனால் மேற்குலப் பெண்களைப் போல் மேலாடை அணிவதைத் தடை செய்தது. போராட்டம் ஓயவில்லை. 1858-இன் இறுதியிலும் 1859-இன் தொடக்கத்திலும் நாகர்கோவிலைச் சூழ்ந்த ஊர்களில் பெருங்கலகம் மூண்டது. சென்னை ஆளுநரின் வற்புறுத்தலின்பேரில், 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், நாடார் பெண்கள் மேனியை மறைத்துக்கொள்ளலாம் என்று மன்னர் ஆணையிட்டார். அவ்வாணையிலும் ஒரு முள் இருந்தது: மேற்குலத்தார் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது! மறைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்களைப் போல் தோன்றக்கூடாது என்பதே அதன் பொருள். தென் கரோலினாச் சட்டத்தின் கருத்தும் இதுவே அன்றோ?

அதே நிலத்தில் அய்யா வைகுண்டர் தோன்றினார். 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அப்பெரியார், தலையில் துணி கட்டும் உரிமை இல்லாதிருந்த தம் மக்களை நோக்கி, தலைப்பாகை அணிந்தே இறைவனை வணங்குங்கள் என்றார். சாமித்தோப்பில் இன்றும் ஆடவர் தலைப்பாகையுடன்தான் வழிபடுகின்றனர். பிற கோயில்களில் தலைத்துணியை அவிழ்ப்பது பணிவு. அங்கோ கட்டுவதே வழிபாடு. ஒரு முழத் துணியைக் கொண்டு ஒரு குலத்தின் தலையை நிமிர்த்தினார் அவர்.

அந்நாட்டின் மலையாளப் பகுதியில், வெங்கானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் நல்லாடை உடுத்துத் தலைப்பாகை கட்டி, வில்வண்டியில் ஏறி, தம் குலத்தார் நடக்கவும் கூடாத அரசபாட்டையில் சென்றார். வண்டி ஒரு குற்றம். உடை மற்றொரு குற்றம். அடிதடி நிகழ்ந்தது, அவர் இறங்கவில்லை. 1915-இல், புலையர் குலப் பெண்கள் சாதி அடையாளமாகக் கட்டாயத்தின்பேரில் அணிந்துவந்த கல்மாலைகளை அறுத்தெறியுமாறு கூறினார். கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதனால் பெருங்கலகம் விளைந்து குடிசைகள் எரிந்தன. பின்னர் கொல்லம் நகரில் கூடிய கூட்டத்தில் பெண்கள் பலர் தம் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்துக் குவித்தனர். உரிமை என்பது சில வேளை அணிவதில் இருக்கிறது. சில வேளை கழற்றி எறிவதில் இருக்கிறது.

எட்டுத் தடைகள்

இவையெல்லாம் பழங்காலத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டா. 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றை மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளார். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆடவர் வேட்டி முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் செல்லலாகாது. கோட்டு, சட்டை, பனியன் ஆகியவை அணியலாகாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளலாகாது. மண் பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கலாகாது. அவர்கள் பூவும் மஞ்சளும் அணியலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலில் செருப்பு அணியலாகாது.

இவ்வெட்டினுள் ஏழு, உடம்பின் தோற்றத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். பாண்டம் ஒன்றுதான் வேறு. நிலம் கேட்டதற்காகவோ கூலி கேட்டதற்காகவோ மட்டும் வந்த தடைகள் அல்ல இவை. ஒருவன் பனியன் அணிந்ததே பொறுக்க முடியாத குற்றமாயிற்று. தடைகளை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

அதே 1930-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அங்கே அமர்ந்திருந்தனர். அம்பேத்கர் ஐரோப்பிய உடையில். நம் சீனிவாசனார் கோட்டும் தலைப்பாகையுமாக. இங்கே ஓர் ஏழை உழவன் பனியன் அணியக் கூடாது என்று அடிபட்டான். அங்கே அவனுடைய பிரதிநிதி பேரரசின் மேஜையில் கோட்டுடன் வீற்றிருந்தார். இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அம்பேத்கரின் கோட்டுக்குப் பொருள் விளங்கும்.

கழற்றியவரும் அணிந்தவரும்

காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் தம் மேலாடையையும் நீள்வேட்டியையும் விடுத்து, ஏழையின் அரையாடையை மேற்கொண்டார். உலகம் அதைத் துறவு என்று போற்றியது. அம்பேத்கர் கோட்டும் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்தார். சிலர் அதை அயல்நாட்டு மோகம் என்று பழித்தனர். இருவருள் எவர் செய்தது சரி என்று பட்டிமன்றம் வைப்பது என் நோக்கம் அன்று. சட்டை அணியும் உரிமை பிறவியிலேயே பெற்றவர் அதைக் கழற்றினால் அது துறவாகிறது. சட்டை அணியும் உரிமையே மறுக்கப்பட்டவரின் பிள்ளை அதைக் கழற்றினால், அது ஊராரின் கட்டளைக்குப் பணிந்ததாகவே முடியும். இல்லாததைத் துறக்க எவராலும் இயலாது. ஆகவே முன்னவர் கழற்றியதும் பின்னவர் அணிந்ததும் அவரவர் நின்ற இடத்திலிருந்து பிறந்த செயல்கள்.

அம்பேத்கர் இதைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் மகாத் நகரில் நடந்த மாநாட்டின்போது பெண்களிடம் தனியே பேசினார். சாதியைக் காட்டிக் கொடுக்கும் முறையில் புடவையை முழங்கால் தெரியக் கட்டுவதையும், கையிலும் கழுத்திலும் கனத்த மலிவு நகைகளைச் சுமப்பதையும் விட்டுவிட வேண்டும் என்றார். அப்பெண்கள் உடனேயே தம் புடவைக் கட்டை மாற்றிக்கொண்டனர்.

உடை ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று நான் கூறவில்லை. 1893-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் கோட்டு அணிந்து, முதல் வகுப்புப் பயணச்சீட்டும் கையில் வைத்திருந்தார். ஆயினும் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியிலிருந்து இறக்கி விடப்பட்டார். அயல்நாடு சென்று உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அம்பேத்கர், 1917-இல் பரோடாவில் அரசுப் பணியில் அமர்ந்தும், குடியிருக்க ஓர் அறை கிடைக்காமல் விரட்டப்பட்டார். அவருடைய கோட்டு அன்று அவரைக் காக்கவில்லை. அப்படியானால் அதை ஏன் அணிய வேண்டும்? மற்றவர் நம்மை மதிப்பார்கள் என்பதற்காக மட்டும் அன்று. அவர்கள் மதியாதபோதும் நாம் நம்மை மதித்துக்கொள்வதற்காக.

தங்க வயலில்

இனி நம் ஊருக்கு வருவோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு இருப்புப்பாதை அமைந்தது. தட்டி வீடுகள் நிறைந்த லைன்களில் வாழ்ந்து, சூரியனைக் காணாத ஆழத்தில் உழைத்து, நூற்றாண்டுக்கு மேல் சுமார் 800 டன் பொன்னை வெட்டிக் கொடுத்தனர். வெட்டியவன் உடம்பில் பொன் இல்லை. மேலே வரும்போது பொன்துகள் ஒட்டியிருக்கிறதா என்று அவன் உடம்பும் துணியும் சோதிக்கப்பட்டன. 1930-ஆம் ஆண்டில் எல்லோரும் விரல்ரேகை பதிக்க வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, 'நாங்கள் திருடரோ?' என்று பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்கு முன்பே மானத்தை முன்வைத்து எழுந்த போராட்டம் அது.

கொடுமைகள் பல இருந்தும், ஒன்று இங்கே இல்லை. தெருவில் சட்டையுடன் சென்றால் அடிக்கும் பண்ணையார் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் வாழ்ந்த நாளிலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைந்தது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவிற்குப் பின், 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்க வயலிலிருந்து மீண்டும் நடத்தினார். படிப்பும் பேச்சும் சங்கமும் வளர்ந்த இடத்தில் உடையும் மாறியது. பகலெல்லாம் சேற்றிலும் பாறைத் தூளிலும் புரண்டவர், குளித்து முடித்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையுடன் மாலையில் கடைவீதிக்கு வந்தனர். சம்பள நாளில் ராபர்ட்சன்பேட்டைத் தையற்காரருக்குத் தவணை கட்டிக் கோட்டுத் தைத்துக்கொண்டவர் பலர். மேலே கிளப்பில் துரைமார் அணிந்ததைக் கண்டு பழகிய தையற்காரர் கைகள், அதே வெட்டில் சுரங்கத் தொழிலாளிக்கும் தைத்தன. அளவு நாடாவுக்குச் சாதி தெரியாது.

என் பாட்டனார் கூறிய ஒரு செய்தியை இங்கே குறிப்பிடுகிறேன். அவர் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். சுரங்கத்தில் சேர்ந்தபின் முதல் பொங்கலுக்குச் சட்டையும் செருப்புமாகச் சொந்த ஊர் சென்றார். ஊர் எல்லையில் அவருடைய தாயார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கழற்றி மூட்டையிலே வச்சுக்கோ, சாமி! உன் அப்பா இன்னும் அவங்க களத்திலேதான் நிக்கறாரு" என்று அழுதாராம். தாயின் சொல்லைத் தட்டாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலத்தெருவைக் கடந்தார். அடுத்த ஆண்டு அவர் தனியே செல்லவில்லை. அவ்வூரிலிருந்து வந்து ஒரே லைனில் குடியிருந்த ஐவர், சம்பளத்தைச் சேர்த்துவைத்து, ஒரே தானில் துணி வாங்கி, ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டு சேர்ந்தே சென்றனர். மேலத்தெருவில் ஏச்சு உண்டு, அடி இல்லை. ஐந்து சட்டைகளை ஒருவராகக் கழற்றுவது எளிதன்று! பாட்டனார் இதைச் சிரித்துக்கொண்டே கூறுவார். ஆனால் செருப்பைக் கையில் எடுத்த இடம் வரும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சுவரில் அவருடைய படம் ஒன்று உண்டு. ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் அவர் அணிந்திருக்கும் கோட்டு அவருடையது அன்று; படம் எடுக்க வருவோர்க்கென்று ஸ்டூடியோக்காரர் மாட்டிவைத்திருந்தது. கைகள் விரல் வரை நீண்டிருக்கும். அப்படிப்பட்ட படங்கள் இக்காலனியில் பல வீடுகளில் உண்டு. இரவல் கோட்டு என்று நாம் நகைக்கலாம். ஆனால் டக்ளஸ் அணிந்த மாலுமி உடை அவருடைய பிறவி உரிமையா? விடுதலைக்கான உடையை முதலில் இரவலாகத்தான் பெறவேண்டியிருக்கிறது.

ஷோக்கு என்னும் பழி

ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் பிரசாவில், கின்ஷாசா என்னும் நகரங்கள் உள்ளன. அங்கே 'சாப்பர்' எனப்படும் ஆடவர் கூட்டத்தினர் வறுமையிலும் உயர்ந்த கோட்டுகளை நேர்த்தியாக அணிந்து வீதியில் உலவுகின்றனர். உடையில் மூன்று வண்ணங்களுக்கு மேல் சேரக்கூடாது என்று அவர்களுக்குள் விதி. முரட்டுத்தனம் கூடாது; நடையும் பேச்சும் உடைக்கு ஏற்றனவாய் இருக்கவேண்டும் என்பதும் அவர்கள் கொள்கை. 2025-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பெரும் அருங்காட்சியகமாகிய மெட்ரோபாலிடன் மியூசியம், கறுப்பு மக்களின் தையற்கலையையும் உடைநேர்த்தியையும் பற்றியே பல மாதங்கள் கண்காட்சி நடத்தியது. ஒருகாலத்தில் கேலிச் சித்திரமாக வரையப்பட்ட மக்களின் கோட்டுகள் இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றப்படுகின்றன.

ஆனால் நம் நாட்டில் அந்தப் பழி முற்றும் நீங்கவில்லை. 2012-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில், ஒடுக்கப்பட்ட குல இளைஞர்கள் ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து மயக்குகிறார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. எட்டுத் தடைகளுக்கும் அக்குற்றச்சாட்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள், மனப்பான்மை ஒன்றே.

இத்தனையும் கூறியபின் பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதுமுதல் நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் வண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். நாள்தோறும் நான் காணும் காட்சி அது. அவ்வளவு நெரிசலிலும் மடிப்புக் கலையாத சட்டையோடுதான் நிற்கின்றனர். அது வீண் ஆடம்பரம் அன்று. மூன்று தலைமுறையாக வந்த சொத்து. வேறு சொத்து நமக்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

எனினும் பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு நாள் விழாவிற்குப் பட்டும் கோட்டும் வாங்குவது மானம் ஆகாது. பண்ணையாருக்குப் பதில் வட்டிக்காரருக்கு அடிமையாவதே ஆகும். அண்டை வீட்டார் எளிய உடையில் வந்தால் அவரை ஏளனமாக நோக்குவது அதைவிடப் பெருங்குற்றம். ஒருவரைத் துணியைக் கொண்டு தாழ்த்தும் வழக்கத்தை எதிர்த்தே நம் முன்னோர் உடுத்தினர். அதே துணியைக் கொண்டு நாம் பிறரைத் தாழ்த்தினால், அவர்கள் பட்ட அடியெல்லாம் வீண். தூய்மையாய் உடுப்போம், நம் கைப்பொருளால் உடுப்போம், எவரையும் சிறுமைப்படுத்தாமல் உடுப்போம்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். காலனியிலுள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் பழைய ஸ்டூடியோப் படங்கள் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. கோட்டணிந்த பாட்டன்மார், முழுக்கை ரவிக்கையும் புதுப் புடவையும் அணிந்து நாற்காலியைப் பற்றி நிற்கும் பாட்டிமார் ஆகியோரின் படங்களைத் திரட்டிப் படியெடுத்து, பெயரும் ஊரும் வந்த ஆண்டும் எழுதி, அடுத்த ஆண்டு விழா மண்டபத்தில் வரிசையாக மாட்டி வைப்போமாக. தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இன்னார் உன் கொள்ளுப்பாட்டனார், இச்சட்டையை அணிவதற்காக இன்ன துன்பம் பட்டார் என்று சொல்லிக் காட்ட வேண்டும். புத்தகம் படியாத பிள்ளையும் அப்படங்களிலிருந்து வரலாறு படிக்கும். புதுச் சட்டை கேட்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கும் அன்றே, அதன் விலையையும் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!